"இன்டென்ஷன் இல்ல"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? தெரிஞ்சு செஞ்சதும் அதுக்காகவே செஞ்சதும் ஒண்ணா?

கேள்வி | மார்ச் 3, மாலை 6.12

டீம் குரூப்ல ஒரு ரிப்போர்ட்ல இருந்த தப்ப சுட்டிக்காட்டி எழுதினேன். யார் பண்ணதுன்னும் பேர் போட்டேன். அவருக்கு பயங்கர வருத்தம். "உங்கள ஹர்ட் பண்ற இன்டென்ஷன் எனக்கு இல்ல"ன்னு சொன்னேன். அதுக்கு அவர், "எல்லார் முன்னாடியும் போட்டா எனக்கு வலிக்கும்னு உங்களுக்கு தெரியும்ல, தெரிஞ்சு செஞ்சா அதுக்கு பேர்தான் இன்டென்ஷன்"னு சொல்லிட்டு போயிட்டார். யார் சொல்றது சரி? இந்த வார்த்தைக்கு உண்மையிலேயே என்னதான் அர்த்தம்?

மார்ச் 3, இரவு 9.50

ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு வேற வேற விஷயத்த பேசுறீங்க, அதான் பேச்சு முடியவே மாட்டேங்குது.

எலிசபெத் ஆன்ஸ்கம்னு ஒரு தத்துவ ஆசிரியர், 1957ல இத பத்தியே சின்னதா ஒரு புத்தகம் எழுதினாங்க. ஆரம்பத்துலயே மூணா பிரிச்சிடுவாங்க. ஒண்ணு, இனிமே செய்யப் போறத சொல்றது. "அடுத்த மாசம் வேலைய விடப் போறேன்"ங்கிற மாதிரி. ரெண்டு, ஏதோ கைபட்டு தவறி நடந்ததா இல்லாம நாமளே செய்றதா ஒரு காரியத்த செய்றது. மூணு, அந்த காரியத்த எதுக்காக செய்றோமோ அது. மூணுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை, நாமளும் அத அப்படியே எடுத்துக்கிட்டு தமிழ்ல பேசுறோம்.

நீங்க மூணாவத சொல்றீங்க, "வலிக்கணும்னு எழுதல". அவர் ரெண்டாவத சொல்றார், "வலிக்கும்னு தெரிஞ்சே எழுதின". ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். அதனால யார் சரின்னு கேட்டா பதில் கிடைக்காது, எந்த இன்டென்ஷன்னு கேக்கணும்.

மார்ச் 4, காலை 7.30

ராத்திரி சுருக்கமா எழுதிட்டேன். இன்னும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா "தெரிஞ்சு செய்றது" "அதுக்காகவே செய்றது" இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் எல்லா சண்டையும் நடக்குது, கோர்ட்டுலயும் சரி வீட்டுலயும் சரி.

சட்டம் படிக்கிறவங்களுக்கு சொல்ற பழைய உதாரணம் ஒண்ணு. ஒருத்தன் விமானத்துல ஏத்தின தன் சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கான், அந்த பணத்துக்காக நடுவானத்துல வெடிக்கிற மாதிரி குண்டு வைக்கிறான். பயணிகள் சாகணும்னு அவனுக்கு துளி ஆசை கிடையாது. யாராவது அதிசயமா பொழச்சா சந்தோஷம்கூட படுவான். அவன்கிட்ட கேட்டா "எனக்கு கொல்ற இன்டென்ஷன் இல்ல"ன்னு சொல்லலாம், மூணாவது அர்த்தத்துல அது பொய்யும் இல்ல! ஆனா எந்த ஊர் நீதிபதியும் அத கேட்டுக்கிட்டு சும்மா இருக்க மாட்டார்.

இங்கிலாந்துல இத தீர்க்க படாதபாடு பட்டாங்க. 1998ல பிரபுக்கள் சபை (அப்ப அதுதான் அங்க உச்ச கோர்ட்) வரைக்கும் போன ஒரு வழக்கு, ஒரு அப்பா கோவத்துல தன்னோட மூணு மாச குழந்தைய தூக்கி எறிஞ்சதுல குழந்தை செத்துடுச்சு. கொல்லணும்னு எறிஞ்சான்னு யாரும் சொல்லல. விசாரிச்ச நீதிபதி ஜூரிகிட்ட, பலத்த காயத்துக்கு கணிசமான அபாயம் இருக்குன்னு அவனுக்கு தெரிஞ்சிருந்தாலே கொலைன்னு முடிவு பண்ணலாம்ங்கிற மாதிரி சொல்லிட்டார். மேல போனப்ப, அது பத்தாது, சாவோ பலத்த காயமோ நடந்தே தீரும்ங்கிற அளவுக்கு உறுதியா இருக்கணும், அது அவனுக்கு தெரிஞ்சும் இருக்கணும், அப்பதான் ஜூரி இன்டென்ஷன் இருந்துச்சுன்னு முடிவுக்கு வர முடியும்னு சொல்லி, கொலைய எடுத்துட்டு அதுக்கு கீழ இருக்கிற குற்றமா மாத்தினாங்க. அபாயம் இருக்குன்னு தெரியுறது வேற, நடந்தே தீரும்னு தெரியுறது வேற, இதுதான் அவங்க போட்ட கோடு.

இந்திய சட்டம் 1860லயே ரெண்டையும் தனித்தனியா எழுதி வச்சிடுச்சு. கொலைங்கிற அளவுக்கு போகாத உயிர்ப்பலிக்கான பழைய 304வது பிரிவுல முதல் பகுதி இன்டென்ஷனோட செஞ்சதுக்கு, ரெண்டாவது பகுதி சாவு வரலாம்னு தெரிஞ்சு, ஆனா இன்டென்ஷன் இல்லாம செஞ்சதுக்கு. முதலாவதுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், ரெண்டாவதுக்கு அதிகபட்சம் 10 வருஷம். 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா புது சட்டத்தோட 105வது பிரிவு, அதுலயும் இந்த ரெண்டு பகுதி அப்படியே இருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு இது. ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டையும் போட்டு அடைக்காம ரெண்டுக்கும் ரெண்டு பேர்.

அமெரிக்காவுல 1962ல வந்த "மாடல் பீனல் கோட்", அதாவது முன்மாதிரியா எழுதின தண்டனைச் சட்டம், இன்னும் ஒரு படி மேல போய், நாலு படியா பிரிச்சிடுச்சு. அதுக்காகவே செய்றது, நடக்கும்னு தெரிஞ்சு செய்றது, அபாயம் தெரிஞ்சும் கண்டுக்காம செய்றது, தெரிஞ்சிருக்க வேண்டியத தெரிஞ்சுக்காம செய்றது. உங்க குரூப் மெசேஜ இந்த நாலுல எதுல வைப்பீங்கன்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

மார்ச் 4, காலை 11.05

மேல ஒரு நண்பர் "காரணம் நல்லதா இருந்தா இன்டென்ஷனும் நல்லதுதானே"ன்னு கேட்டிருக்கார். இல்ல நண்பரே. காரணம் மோட்டிவ், அது வேற. தங்கச்சி ஆபரேஷனுக்கு பணம் வேணும்னு ஒருத்தன் அலமாரிய உடைச்சா, மோட்டிவ் தங்கச்சி, இன்டென்ஷன் அடுத்தவன் பணத்த எடுக்கிறது. தண்டனைய குறைக்கிறப்ப மோட்டிவ் உதவும், திருட்டு திருட்டுதான்.

மார்ச் 4, இரவு 10.20

"அதுக்காகவே செஞ்சேனா, கூடவே வந்த விளைவா"ங்கிறத கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அந்த விளைவு மட்டும் வராம போயிருந்தா உங்க திட்டம் தோத்திருக்குமா?

இந்த யோசனைக்கு வயசு அதிகம். 13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்வினாஸ்னு ஒரு கிறிஸ்தவ இறையியல் அறிஞர், தற்காப்புக்காக அடிக்கிறப்ப அடிக்க வந்தவன் செத்துப் போனா, உயிர காப்பாத்திக்கிறது நோக்கம், அவன் சாவு நோக்கத்துக்கு வெளிய நடந்ததுன்னு வாதம் பண்ணார். அதுலருந்துதான் இரட்டை விளைவு கோட்பாடுன்னு ஒண்ணு வளர்ந்துச்சு. போர் பத்தின விவாதத்துல இப்படி சொல்வாங்க: ஒரு பைலட் ஆயுத ஃபேக்டரி மேல குண்டு போடுறான், பக்கத்து வீடுகள்ல ஜனங்க சாவாங்கன்னு அவனுக்கு தெரியும். இன்னொரு பைலட் ஜனங்க மேலயே போடுறான், அவங்க செத்தா எதிரி பயந்து சரணடைவான்னு. ஜனங்க எப்படியோ தப்பிச்சிட்டாங்கன்னு வைங்க. முதல் பைலட் வேலை முடிஞ்சுதுன்னு திரும்பிடுவான், ரெண்டாவது பைலட் திட்டம் ஃபெயில்.

ஆன்ஸ்கம் இத வெறும் வகுப்பறைப் பேச்சா விடல. 1956ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், ஜப்பான் மேல அணுகுண்டு போட உத்தரவு போட்ட அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு கௌரவப் பட்டம் கொடுக்க முடிவு பண்ணப்ப எதிர்த்து நின்னாங்க. ஹிரோஷிமாவுலயும் நாகசாகியிலயும் ஜனங்க செத்தது கூடவே வந்த விளைவு இல்ல, அதுதான் வழியாவே இருந்துச்சுங்கிறது அவங்க வாதம். பட்டம் கொடுத்துட்டாங்கதான். ஆனா "போர முடிக்கிறதுதான் இன்டென்ஷன்"னு சொல்றவங்களுக்கு அவங்க சொன்ன பதில் இன்னைக்கும் நிக்குது. போர முடிக்கிறதுக்கு எத வழியா எடுத்தியோ அதுவும் உன் இன்டென்ஷன்தான், கடைசி லட்சியத்த மட்டும் காட்டி நடுவுல இருக்கிறத மறைக்க முடியாது.

சரி, நம்ம விஷயத்துக்கு வரேன். என் பேரையும் ஒரு தடவை இப்படி போட்டாங்க. பழைய ஆபீஸ், மேனேஜர் அனுப்பின மெயில், மொத்தமே நாலு வரி. எந்த ஃபைல்ல தப்பு, எந்த நெடுவரிசை, சரியான எண் என்ன, கடைசி வரியில "இத செஞ்சது" போட்டு என் பேர். நான் அந்த மெயில பலமுறை படிச்சேன். கடைசி வரிய எடுத்துட்டு படிச்சாலும் வேலை நடக்கும், யார் வேணா அந்த ஃபைல திறந்து சரி பண்ணிக்கலாம். திருத்துறதுக்குத்தான் மெயில்னா அந்த நாலாவது வரி எதுக்கு? நேரா போய் கேட்டேன். "சும்மா தகவலுக்கு"ன்னார். தகவல் யாருக்கு, அத வச்சு அவங்க என்ன செய்யணும்னு மறுபடியும் கேட்டேன், பதில் இல்ல.

ஆன்ஸ்கம் சொல்றதும் கிட்டத்தட்ட இதுதான். இன்டென்ஷன்ங்கிறது மண்டைக்குள்ள யாருக்கும் தெரியாம பூட்டி வச்சிருக்கிற பொருள் கிடையாது. "ஏன் செஞ்ச?"ன்னு கேட்டா ஒரு பதில் வரணும், அந்தப் பதில் செஞ்ச காரியத்தோட பொருந்தணும். மனசுக்குள்ள "நான் நல்லதுக்குத்தான் செய்றேன்"னு ஒரு வாக்கியத்த சொல்லிக்கிட்டு செய்றதால எதுவும் மாறாதுன்னு அவங்க பின்னாடி கடுமையாவே எழுதியிருக்காங்க.

மார்ச் 5, மதியம் 1.15

"சாதாரண ஜனங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு யாராவது கேட்டுப் பாத்திருக்காங்களா?" நல்ல கேள்வி. கேட்டிருக்காங்க.

2003ல ஜோஷுவா நோப்னு ஒரு தத்துவ ஆராய்ச்சியாளர் நியூயார்க்ல ஒரு பார்க்ல இருந்தவங்ககிட்ட ஒரு சின்ன கதை சொல்லி கேட்டார். கம்பெனி தலைவர்கிட்ட ஒரு அதிகாரி வந்து, புது திட்டம் லாபம் தரும், ஆனா சுற்றுச்சூழல் கெடும்னு சொல்றார். தலைவர், "சுற்றுச்சூழல பத்தி எனக்கு கவலையே இல்ல, லாபம் வந்தா போதும், ஆரம்பிங்க"ங்கிறார். சுற்றுச்சூழல் கெடுது. வேணும்னு கெடுத்தாரான்னு கேட்டா 82 சதவீதம் பேர் ஆமான்னாங்க.

வேற ஆட்கள்கிட்ட அதே கதை, ஒரே ஒரு மாத்தம், திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு நல்லது நடக்கும். தலைவர் சொன்னது அதே வார்த்தை, கவலையே இல்ல லாபம் போதும். வேணும்னு நல்லது செஞ்சாரான்னு கேட்டா வெறும் 23 சதவீதம்தான் ஆமான்னாங்க.

ரெண்டு கதையிலயும் அந்த ஆள் மனசுல இருந்தது ஒண்ணுதான். விளைவு கெட்டதா இருந்தா "வேணும்னே பண்ணான்", நல்லதா இருந்தா "அதுவா நடந்துச்சு". நாம மொதல்ல பழி போடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம்தான் இன்டென்ஷன் இருந்துச்சான்னு பாக்குறோமோன்னு எனக்கு படுது. அதுக்கு வேற விளக்கம் சொல்றவங்களும் இருக்காங்க. எப்படியோ, உங்க நண்பர் "தெரிஞ்சு செஞ்சா இன்டென்ஷன்தான்"னு சொன்னது ஒண்ணும் விதண்டாவாதம் இல்ல, பெரும்பாலானவங்க அப்படித்தான் பேசுறாங்க.

மார்ச் 5, இரவு 9.00

கொஞ்சம் வேற பக்கம் போறேன், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு முதுகுல பெரிய சீழ்க்கட்டி வந்து ஆபரேஷன் பண்ணாங்க. கீறி சுத்தம் பண்ணிட்டு தையல் போடாம அப்படியே விட்டுட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில "காயம் செகண்டரி இன்டென்ஷன் மூலமா ஆற விடப்பட்டுள்ளது"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி. என் தம்பிக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு, "என்னது செகண்டரி இன்டென்ஷன், அப்பா இவங்களுக்கு ரெண்டாம்பட்சமா?"ன்னு. டிரஸ்ஸிங் பண்ண வந்த சிஸ்டர் சிரிச்சுட்டு உக்காந்து பொறுமையா சொன்னாங்க.

வெட்டின ரெண்டு ஓரத்தையும் சேத்து தைச்சா காயம் நேரா ஒட்டிக்கும், அது பிரைமரி இன்டென்ஷன். சீழ் இருந்த இடத்த தைச்சு மூடினா உள்ளயே கிருமி சிக்கிக்கும், அதனால திறந்து வச்சு, காஸ் துணிய உள்ள வச்சு, அடியிலருந்து மேல வளர விடணும், அது செகண்டரி. கொஞ்ச நாள் திறந்து வச்சு சுத்தமானப்புறம் தைக்கிறதும் உண்டு, அது மூணாவது. தினமும் துணிய எடுக்கிறப்ப நான் பாத்துக்கிட்டே இருந்தேன். குழியோட அடியில சிவப்பா, பொடிப்பொடியா, ஈரமா புது சதை. சிஸ்டர் விரலால காட்டி "இது நல்லா ரத்தம் ஓடுற சதை, வெளுத்துப் போனாத்தான் பயப்படணும்"னாங்க. வாரம் போகப் போக குழி மேல வந்துச்சு, ஓரத்துலருந்து தோல் உள்ள நகந்து வந்துச்சு.

லத்தீன்ல இன்டென்டெரேன்னா இழுத்து நீட்டுறது, ஒரு பக்கமா திருப்பி குறி வைக்கிறது, வில்ல வளைச்சு நாண் இழுக்கிறதுக்கும் அதே சொல்தான். வைத்தியத்துல வர இன்டென்ஷன் அந்த "குறி"ங்கிற அர்த்தத்துலருந்து வந்தது, யாரையும் ரெண்டாம்பட்சமா நினைக்கிறது அதுல கிடையாது. அதே வேர்லருந்து வந்தது நாம தினம் சொல்ற டென்ஷனும். ஆபீஸ் குரூப்ல ரெண்டும் ஒண்ணாவே வருதுன்னா ஆச்சரியம் இல்ல!

மார்ச் 6, காலை 8.10

ஒருத்தர் தனியா கேட்டிருந்தார், பதில் எல்லாருக்கும் உதவும்னு இங்கயே போடுறேன். அவங்க அம்மாவுக்கு "இன்டென்ஷன் டிரெமர்"னு எழுதியிருக்காங்க, சொந்தக்காரங்க "அப்ப வேணும்னுதான் கைய ஆட்டுறாங்களா"ன்னு பேசுறாங்களாம்.

தயவு செஞ்சு அப்படி யாரும் பேசாதீங்க. ஒரு பொருள நோக்கி கைய கொண்டு போறப்ப வர நடுக்கம், அவ்வளவுதான். டாக்டர் தன் விரல நீட்டி, அத தொடு, உன் மூக்க தொடுன்னு மாத்தி மாத்தி செய்ய சொல்வார். விரல் இலக்க நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். சிறுமூளையிலயோ அதோட இணைப்புகள்லயோ கோளாறு இருந்தா இப்படி வரும். பார்க்கின்சன்ல வழக்கமா கை சும்மா இருக்கிறப்பதான் நடுங்கும், அது வேற. அந்த அம்மா நடுக்கத்த நிறுத்தணும்னு எவ்வளவு முயற்சி பண்றாங்களோ, இலக்குகிட்ட போறப்ப அவ்வளவு கஷ்டம். அவங்கள பாத்து வேணும்னு ஆட்டுறாங்கன்னு சொல்றது எவ்வளவு கொடுமை.

மார்ச் 6, மாலை 5.45

இன்னொரு நண்பர், தத்துவத்துல "இன்டென்ஷனாலிட்டி"ன்னு ஒண்ணு வருதே, அதுவும் இதுதானான்னு கேட்டார். இல்ல. 1874ல பிரென்டானோங்கிற தத்துவ அறிஞர் திரும்ப புழக்கத்துக்கு கொண்டு வந்தது அது. எந்த எண்ணமும் ஏதோ ஒண்ண பத்தினதா இருக்கும்ங்கிறத சொல்ற சொல். நாய பாத்து பயப்படுறது, மழைய எதிர்பாக்குறது, செத்துப் போனவங்கள நினைக்கிறது எல்லாத்துக்கும் அது உண்டு. நோக்கத்தோட செய்யணும்னு ஒண்ணும் இல்ல. போதாக்குறைக்கு தர்க்கத்துல, இங்கிலீஷ்ல டி-க்கு பதிலா எஸ் எழுத்து போட்டு இன்னொரு இன்டென்ஷன் இருக்கு, ஒரு சொல்லோட உள்ளடக்கம்னு வச்சுக்கலாம். காதுக்கும் ஒண்ணு, தமிழ்ல எழுதினாலும் ஒண்ணு. அதனால யாராவது தத்துவம் பேசுறப்ப இந்த வார்த்தை வந்தா, எதுன்னு நிறுத்தி கேட்டுக்கோங்க.

மார்ச் 7, இரவு 11.30

நம்ம கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அப்ப நான் அவர்கிட்ட என்னதான் சொல்லணும்"னு கேட்டிருக்கார்.

"இன்டென்ஷன் இல்ல"ங்கிறத விட்டுடுங்க. அந்த வாக்கியம் ரெண்டு அர்த்தத்துலயும் நிக்கிற மாதிரி ஒரு தோற்றம் தருது, அதான் கேக்கிறவங்களுக்கு எரிச்சல். "வலிக்கும்னு எனக்கு தெரிஞ்சிருந்துச்சு, வலிக்கட்டும்னு எழுதல"ன்னு சொல்லுங்க, அது உண்மையா இருந்தா. அவர் அப்பவும் கோவமா இருக்கலாம், இருக்க உரிமை இருக்கு. தெரிஞ்சும் செஞ்சதுக்கு பதில் சொல்ற பொறுப்பு உங்களுக்கு இருக்கு, அதுக்காகவே செய்யலைங்கிறது அந்தப் பொறுப்ப குறைக்கும், இல்லாம பண்ணாது. நான் நாலு நாளா சுத்தி சுத்தி சொல்றது இது ஒண்ணுதான்.

இன்னொண்ணு, அந்தப் பேர் எதுக்கு போட்டீங்கன்னு உங்களுக்கு நீங்களே ஒரு தடவை கேட்டுக்கோங்க. அவர்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

மார்ச் 8, காலை 6.50

தூக்கம் வரல, அதனால முதல் அர்த்தத்த பத்தி எழுதுறேன், அத யாரும் தொடவே இல்ல. இனிமே செய்யப் போறத சொல்றது.

"நான் விழப் போறேன்", "நான் கிளம்பப் போறேன்". ரெண்டும் ஒரே மாதிரி வாக்கியம். முதலாவது கணிப்பு, ரெண்டாவது முடிவு. கிளம்பப் போறேன்னு சொல்லிட்டு கிளம்பலைன்னா என் கணிப்பு தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன் கிளம்பலைன்னு என்னைத்தான் கேப்பாங்க.

சும்மா ஆசைப்படுறதும் இது இல்ல. 1983ல கிரெகரி காவ்காங்கிற தத்துவ அறிஞர் ஒரு புதிர் போட்டார். ஒரு பணக்காரர் உங்களுக்கு ஒரு விஷத்த காட்டுறார், குடிச்சா ஒரு நாள் பூரா படு மோசமா இருக்கும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது, அப்புறம் எந்த பாதிப்பும் இல்ல. இன்னைக்கு நடு ராத்திரி 12 மணிக்கு, நாளைக்கு மதியம் அத குடிக்கிற இன்டென்ஷன் உங்க மனசுல இருந்தா போதும், 10 லட்சம் டாலர். குடிக்கணும்னு கட்டாயம் இல்ல. காலையிலயே பணம் வந்துடும், குடிக்கிற நேரம் அதுக்கப்புறம்.

லேசா தெரியுதுல்ல? ஆனா பணம் வந்தப்புறம் குடிக்க ஒரு காரணமும் இல்லைன்னு உங்களுக்கு ராத்திரியே தெரியும். குடிக்க மாட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டே "குடிக்கப் போறேன்"னு எப்படி உறுதியா நினைக்கிறது? ஆசைப்படலாம், கற்பனை பண்ணலாம், சத்தம் போட்டு சொல்லலாம், இன்டென்ஷன் மட்டும் வராது. பரிசு கிடைக்கும்ங்கிறதுக்காக அத உண்டாக்க முடியாது, செய்றதுக்கே காரணம் இருந்தாத்தான் வரும். என்னைக் கேட்டா, இந்த வார்த்தைய பத்தி வந்ததுலயே கூர்மையான யோசனை இதுதான்.

மார்ச் 8, மதியம் 2.40

அதே விஷயம் என் வேலையில தினமும் வருது. சாட்பாட்டுக்கு வாக்கியங்கள பிரிச்சு கொடுக்கிற வேலை. ஆள் டைப் பண்றதுக்கெல்லாம் ஒரு "இன்டென்ட்" ஒட்டணும். கணக்க மூடணும், பணம் திரும்ப வேணும், ஆள்கிட்ட பேசணும், இப்படி. "கணக்க மூடிடலாம்னு பாக்குறேன்"னு ஒருத்தர் எழுதினா அது எது? ஆரம்பத்துல டீம்ல நிறைய பேர் "கணக்க மூடு"ங்கிறதுல போட்டாங்க. சாட்பாட்டும் உடனே "உறுதி செய்யவும்"னு பட்டன நீட்டுச்சு. அந்த மனுஷன் மூடச் சொல்லவே இல்ல. யோசிக்கிறார், ஒருவேளை யாராவது ஏன்னு கேக்கட்டும்னு எதிர்பாக்குறார். செய்யப் போறேன்னு சொல்றதும், செய்னு சொல்றதும், செய்யலாமான்னு யோசிக்கிறதும் மூணு தனி லேபிள்னு நான் ரொம்ப நேரம் வாதாடி பிரிக்க வச்சேன்.

ஆண்ட்ராய்டுல ஆப் எழுதுறவங்களுக்கு இன்டென்ட்னா ஒரு ஆப் இன்னொண்ணுக்கு அனுப்புற வேண்டுகோள், "இந்தப் படத்த யாராவது திறங்க"ங்கிற மாதிரி. அங்க மனசும் இல்ல, குழப்பமும் இல்ல.

மார்ச் 9, இரவு 8.25

"அடுத்தவன் மனசுல இருந்தத நிரூபிக்கவே முடியாதே, அப்புறம் எதுக்கு இத வச்சு சட்டம்"னு ஒருத்தர் கோவமா எழுதியிருக்கார். கோவம் நியாயம். ஆனா நிரூபிக்கிறாங்க, செஞ்ச விதத்த வச்சு.

பெர்லின்ல 2016 பிப்ரவரி ராத்திரி, ரெண்டு பேர் நகரத்துக்கு நடுவுல கார் ரேஸ் விட்டாங்க, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல, சிவப்பு விளக்க தாண்டி. குறுக்க வந்த கார்ல இருந்த 69 வயசுக்காரர் செத்துட்டார். கீழ் கோர்ட் ரெண்டு பேருக்கும் கொலைக் குற்றம்னு தீர்ப்பு சொல்லுச்சு. சாகலாம்னு தெரிஞ்சும் நடந்தா நடக்கட்டும்னு ஏத்துக்கிட்டா ஜெர்மன் சட்டத்துல அதுவே போதும். 2018ல உச்ச கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. காரணத்த பாருங்க: அந்த எண்ணம் சந்திப்புக்குள்ள நுழையிறப்பதான் வந்துச்சுன்னு கீழ் கோர்ட் எழுதியிருந்துச்சு, அந்த நேரத்துல பிரேக் போட்டாலும் நிக்காது. தடுக்கவே முடியாத நொடியில வந்த எண்ணம் செஞ்ச காரியத்த நடத்தினதா ஆகாது. மறுபடி விசாரிச்சு, 2020ல மோதின ஓட்டுநரோட கொலைத் தண்டனை மட்டும் உறுதியாச்சு. வேகம், விளக்கு, எந்த நொடியில எங்க இருந்தான், எல்லாத்தையும் அளந்துதான் மனசுக்குள்ள போனாங்க.

இதுலயே கடினமானது இனப்படுகொலை. 1948 ஒப்பந்தப்படி, ஒரு இனத்தையோ மதத்தையோ சேர்ந்தவங்கள நிறைய பேர கொன்னா மட்டும் போதாது, அந்தக் கூட்டத்த முழுசாவோ ஒரு பகுதியாவோ அழிக்கிற இன்டென்ட் இருக்கணும். இங்க "தெரிஞ்சு செஞ்சான்" பத்தாது, மூணாவது அர்த்தமேதான் வேணும். 2007ல சர்வதேச நீதிமன்றம் போஸ்னியா வழக்குல, 1995 ஜூலைல ஸ்ரெப்ரெனிட்சாவுல நடந்தது இனப்படுகொலைன்னு சொல்லுச்சு. அந்தப் போர்ல வேற இடங்கள்ல நடந்த கொலைகள் நடந்தது உண்மைன்னு ஒத்துக்கிட்டாலும், அந்த குறிப்பான இன்டென்ட் நிரூபணம் ஆகலைன்னு விட்டுடுச்சு. பிள்ளைய பறிகொடுத்த ஒரு தாய்க்கு இந்த வித்தியாசத்த எப்படி சொல்றது? குற்றத்தோட பேருக்கு அந்தக் கோடு தேவைன்னு அறிவுக்கு புரியுது. ஆனா கோடு அவ்வளவு உயரத்துல இருக்கிறதால நிறைய பேர் அதுக்கு கீழயே நடந்து போயிடுறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

மார்ச் 10, காலை 9.15

மருந்து ஆராய்ச்சியில வர "இன்டென்ஷன் டு ட்ரீட்" பத்தி கேட்டவருக்கு. சீட்டு குலுக்கி ரெண்டு குழுவா பிரிக்கிறாங்க, ஒண்ணுக்கு மருந்து, இன்னொண்ணுக்கு போலி மாத்திரை. மருந்துக் குழுவுல போட்டவர் ஒரு மாத்திரைகூட முழுங்கலைன்னாலும் கணக்குல அவர் மருந்துக் குழுதான். என்ன கொடுக்கணும்னு நினைச்சாங்களோ அதுதான் கணக்கு, நடந்தது இல்ல.

அபத்தமா தோணும். ஏன்னு 1980ல வந்த ஒரு முடிவ பாத்தா புரியும். மாரடைப்பு வந்தவங்களுக்கு கொழுப்பு குறைக்கிற க்ளோஃபைப்ரேட் மருந்து கொடுத்து பாத்தாங்க. ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல 5 வருஷத்துல செத்தவங்க சுமார் 15 சதவீதம், ஒழுங்கா சாப்பிடாதவங்கள்ல சுமார் 25. அடடா மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லத் தோணுதுல்ல? போலி மாத்திரைக் குழுவுல பாத்தா, அத ஒழுங்கா சாப்பிட்டவங்கள்லயும் சுமார் 15 சதவீதம், சாப்பிடாதவங்கள்ல சுமார் 28. ஒண்ணுமே இல்லாத மாத்திரைக்கு அந்த சக்தி கிடையாது. ஒழுங்கா சாப்பிடுறவங்க வேற பல விஷயத்துலயும் ஒழுங்கா இருக்கிறவங்க, அல்லது ஏற்கனவே உடம்பு கொஞ்சம் தேவலாம்னு இருந்தவங்க. அதனாலதான் யார் சாப்பிட்டாங்கன்னு பிரிக்காம, சீட்டு விழுந்தபடியே கணக்கு போடுறாங்க.

மார்ச் 10, காலை 9.40

"நடுவுல விட்டுட்டு போனவங்களும் அதே கணக்குதானா?"ன்னு கேட்டவருக்கு: ஆமா, அவங்களும் அதே குழுவுலதான், குழு மாறி அந்தப் பக்க மருந்த சாப்பிட்டவங்களும் அப்படித்தான். சீட்டு எங்க விழுந்துச்சோ அங்கதான் கடைசி வரைக்கும். அப்புறம் இதுல இன்டென்ஷன் நோயாளியோடது இல்ல, ஆராய்ச்சி பண்றவங்களோடது.